ஸ்டியரிங் யார் கையில்?

ஒரு குடும்பத்தின் தலைவர் பொய் சொல்ல நேர்ந்தால் அதை உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது. எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாஸ்டர் அப்படித்தான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மலைக்குப் போகலை. வண்டியில கிளட்ச் சரியில்லை."

சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

மனைவியின் தோளில் தடித்த கம்பளிச் சால்வை கிடந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அவர் நெற்றியில் வியர்வை. வாரத் தொடக்கத்திலிருந்தே அதைப் போர்த்திக்கொண்டுதான் அந்த அம்மாள் காலைக் காப்பியைக் குடிக்கிறார். "இந்தப் புழுக்கத்துல குளிருக்குப் பழகுறியாம்மா?" என்று மகன் கிண்டல் செய்ததற்கு, "குளிருக்கு இல்லடா, சால்வைக்குப் பழகுறேன்" என்று பதில் வந்தது.

மாஸ்டர் என்பது அவருடைய பெயர் அல்ல. ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்த ஊரில் யாரும் வழி காட்ட மாட்டார்கள். ஊரின் முதல் டிரைவிங் ஸ்கூல் அவருடையது. கலெக்டர் ஆபீஸ் ஜீப் ஓட்டுகிறவரிலிருந்து பல் டாக்டர் வரை, ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள்.

போன வருடம் முழுக்க இந்த வீடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. மனைவிக்கு ஒரு ஆபரேஷன், அதன் பிறகு நீண்ட வைத்தியம். இந்த மாதம்தான் பெரிய டாக்டர், "இனிமே என்னைப் பார்க்க வராதீங்கம்மா, நல்லாயிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ளே வருமாமே, அந்த மாதிரி ஊர்ல ரெண்டு நாள் இருக்கணும்ங்க."

கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டறியாதவர் கேட்டது. மாஸ்டர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மகன் மலையூரில் பள்ளத்தாக்கைப் பார்த்த அறைகளாகப் பிடித்தான். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் இழுத்தபோது மட்டும் மாஸ்டர் மேசையைத் தட்டினார். "டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன் வீட்டு ஆளுங்க வாடகை வண்டியில போனா, நாளைக்கு எவன் நம்மகிட்ட பிள்ளையை அனுப்புவான்? நானே ஓட்டுறேன்."

சொன்ன சொல் அது. அதற்குள் கண் டாக்டர் குறுக்கே வந்தார்.

மாஸ்டரின் வலது கண்ணில் புரை நீக்கி இரண்டு வாரம் ஆகிறது. நேற்றுப் பரிசோதனைக்குப் போனவர், வெளியே காத்திருந்த மகனிடம் "எல்லாம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். உள்ளே டாக்டர் சொன்னது வேறு. "அடுத்த கண்ணையும் பண்ற வரைக்கும் ரெண்டு கண்ணும் ஒத்துப்போகாது சார். தூரம் ஏமாத்தும். ஊருக்குள்ள பகல்ல மெதுவா போங்க. மலைப் பாதை மட்டும் வேண்டவே வேண்டாம்."

மலைப் பாதையில் வண்டி ஓட்ட முடியாத மாஸ்டர். இதை எந்த வாயால் வீட்டில் சொல்வது? அதனால்தான் கிளட்ச்.

"கிளட்ச் நல்லாத்தானே மாமா இருக்கு?" என்றாள் மருமகள். "வெண்ணெய் மாதிரி..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் மகனின் காப்பி டம்ளர் தட்டில் மோதிச் சத்தம் போட்டது.

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இல்ல மாமா, போன ஞாயிறு நீங்க ஓட்டினப்ப நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன்ல. சத்தமே வரலை."

"கிளட்ச் வழுக்கினா சத்தம் வராது. ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்."

"அதுவும் சரிதான் மாமா." அவள் காப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்த வீட்டில் இப்படி ஒரு குறை. வெளியார் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் இடித்தாலும், "பரவாயில்லை, சுவர் நகராது, நாமதான் நகரணும்" என்று பொறுமையாகச் சொல்வார் மாஸ்டர். வீட்டு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிடும். மகன் கல்லூரியில் படிக்கும்போது கடைத்தெரு நடுவில் வண்டி நின்றுபோக, "கிளட்ச்சை இப்படி ஏறி மிதிக்க, அது என்ன உங்கப்பன் தலையா?" என்று அவனுடைய அப்பனே கத்தினார். கடைத்தெருவே சிரித்தது. அத்துடன் அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான்; பஸ்ஸில்தான் போய்வருகிறான். மருமகள் மருந்துக் கடை வைத்திருக்கிறவள். கல்யாணமான புதிதில் அவளுக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் சிக்னலில் வண்டியை நிறுத்தினாள், கதவைத் திறந்தாள், இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். "அவளுக்குக் கை வரலை" என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு யாரும் செய்யவில்லை.

"அப்ப பயணத்தைத் தள்ளிப் போடலாம்" என்றார் மாஸ்டர், முடிவாக.

மனைவி தோளிலிருந்த சால்வையை எடுத்து, ஓரங்களைச் சேர்த்து மடித்து, நாற்காலி முதுகில் போட்டார். "சரிங்க. வண்டி சரியில்லைன்னா என்ன பண்றது?"

முகத்தைச் சுளித்திருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தச் "சரிங்க"தான் தொண்டையில் நின்றது.

வாசலில் வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை ஒரு படி முன்னால் நகர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால், நடுக் கண்ணாடியும் கீழே சாய்ந்து பின் இருக்கையின் மெத்தையைக் காட்டியது.

இது இன்று நேற்று நடப்பது அல்ல. பல மாதங்களாகவே கண்ணாடி இப்படிச் சாய்ந்து கிடக்கும். வண்டி துடைக்கிறவரை இரண்டு முறை கடிந்தும் இருக்கிறார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் உள்ளே கையே வைக்கிறதில்லை சார்" என்பார். இன்றுதான் மாஸ்டருக்கு உறைத்தது. துடைக்கிறவர் இருக்கையை எதற்கு நகர்த்துவார்? அவரைவிடக் குட்டையான ஒருவர் இதில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். இந்த வண்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று அவர் சட்டைப்பையில். இன்னொன்று மனைவியின் அலமாரியில்.

யோசனையுடனே மெதுவாக மைதானத்துக்கு ஓட்டிப் போனார்.

லைசென்ஸ் தேர்வு நடக்கிற மைதானம் அது. தேர்வு இல்லாத நாட்களில் எல்லாப் பள்ளிகளும் அங்கேதான் பழக்கும். வலது ஓரம் மாஸ்டரின் பள்ளிக்கு. அது எழுதாத சட்டம். இடது ஓரம் பாலத்துக்கு அப்பால் உள்ள பள்ளிக்கு. அதை நடத்துகிறவர் முன்பு கணக்கு டீச்சர். வேலையை விட்டுவிட்டுப் பெண்களுக்கென்று டிரைவிங் ஸ்கூல் தொடங்கினார். பிறகு ஆண்களும் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. குரலை உயர்த்தியே பேசியதில்லை என்பார்கள். மாஸ்டருக்கும் அவருக்கும் இத்தனை வருடங்களில் ஒரு தலையசைப்புக்கு மேல் பேச்சு இல்லை.

இன்று டீச்சரம்மா மைதானத்தைக் குறுக்கே கடந்து நேரே அவரிடம் வந்தார்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை மலைக்குப் போறீங்களாமே? வீட்டம்மாவுக்கு உடம்பு தேறினது ரொம்ப சந்தோஷம்."

"இந்த ஊர்ல எதுவும் தங்காது போலிருக்கு."

"உங்க மருமகதான் சொன்னாங்க. சனிக்கிழமை வந்திருந்தப்ப."

சனிக்கிழமை மருந்துக் கடையில் சரக்கு சரிபார்க்கிற நாள் என்று அல்லவா மருமகள் சொல்லிவிட்டுப் போவாள்! மாஸ்டர் தெரிந்ததுபோல் தலையை ஆட்டினார். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் நிற்பதும் ஒரு பயிற்சிதான். அது அவருக்கு உண்டு.

"அவங்க லைசென்ஸ் வாங்கின நாள்லேருந்து உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். தயக்கமா இருந்துச்சு. மாஸ்டர் வீட்டுப் பொண்ணுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறதாவது? நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதேன்னு..."

லைசென்ஸ்!

மாஸ்டரின் காது மடல் சுட்டது. அவருக்குப் பின்னால் அவருடைய பள்ளியின் பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் பின்னால், வண்டிக்காகக் காத்திருந்த மாணவர்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் காதைத் திருப்பியிருந்தார்கள். இன்னும் ஒரு நொடி அவர் திகைத்து நின்றால் போதும். மாஸ்டரின் மருமகள் மாஸ்டருக்குத் தெரியாமல் எதிர்ப் பள்ளியில் சேர்ந்தாள் என்ற செய்தி, அவர் வீடு திரும்புவதற்கு முன் கடைத்தெருவைத் தாண்டிவிடும்.

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்றார் மாஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் அனுப்பினேன்."

"நீங்களா?"

"பின்னே? சொந்த வீட்டு ஆளுங்களுக்கு நாமளே சொல்லிக்கொடுக்கக் கூடாதும்மா. டாக்டர் தன் வீட்டு ஆளுக்குத் தானே கத்தி வைப்பாரா? நல்ல டாக்டராப் பார்த்துத்தானே அனுப்புவார்?"

டீச்சரம்மாவின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால், பல மாதச் சுமையை அங்கேயே இறக்கி வைத்தது போலிருந்தது. "அப்பாடா! இது தெரியாம நான் உங்க வண்டியைப் பார்த்தாலே சந்துக்குள்ள திரும்பிடுவேன் மாஸ்டர். அவங்களை ரெண்டு தடவை மலைப் பாதையிலகூடப் பழக்கினேன். எதிர்ல எது வந்தாலும் பதறுறதே இல்லை. எப்படிங்க இவ்வளவு தைரியம்னு கேட்டேன். 'எங்க மாமா பக்கத்துல உட்கார்ந்து திட்டினதுல, மத்த பயமெல்லாம் போயிடுச்சு'ன்னாங்க."

சொல்லிவிட்டு டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்தார். மாஸ்டரும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்தார். பற்கள் மட்டும்.

திட்டவேண்டிய வார்த்தைகளை வழி நெடுக அடுக்கிக்கொண்டே வந்தார். என் வீட்டில் இருந்துகொண்டு, என் வண்டியை எடுத்துக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால்... வாசல் கேட்டைத் திறக்கும்போது வரிசை தயாராக இருந்தது. உள்ளே காலெடுத்து வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஊருக்கு முன்னால் "நான்தான் அனுப்பினேன்" என்று சொல்லியாகிவிட்டது. தான் அனுப்பியவளைத் தானே எப்படித் திட்டுவது? இவர் குரல் எழுந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுப் பெண் டீச்சரம்மாவிடம்தான் வண்டி ஓட்டப் பழகுகிறாள்.

அடுக்கிய வார்த்தைகளை எல்லாம் விழுங்கினார்.

மருமகள் கடையை மதியத்தோடு மூடிவிட்டு வந்து, வாசல் அறையில் உட்கார்ந்து மலைக்கென்று கட்டிய கம்பளி உடைகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவியை எடு" என்றார் மாஸ்டர்.

"எந்தச் சாவி மாமா?"

"அத்தை அலமாரியில இருக்கிற சாவி."

சமையலறையில் குழாய்த் தண்ணீர் திடீரென்று பலமாகக் கொட்டத் தொடங்கியது. அங்கே கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மருமகள் எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் தலை குனியவில்லை. அதை மாஸ்டர் மனத்துக்குள் குறித்துக்கொண்டார். இந்த வீட்டுக்கு வந்தவள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

"எங்க மாமா போகணும்?"

"தண்ணித் தொட்டி மேட்டுக்கு. நீதான் ஓட்டுறே."

ஊரின் குடிநீர்த் தொட்டி ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அதற்குப் போகிற ஒரே பாதை செங்குத்தானது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். மாஸ்டர் தன் மாணவர்களைக் கடைசி வாரத்தில்தான் அங்கே ஏற்றுவார்.

அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைக் கீழே சாய்த்தாள். வண்டி குலுக்கல் இல்லாமல் கிளம்பியது. கடைத்தெருவில் ஒரு ஆட்டோ குறுக்கே பாய்ந்தபோது ஹாரனைக்கூட அடிக்காமல் வழி விட்டாள். மாஸ்டர் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தார். பள்ளி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இது வீட்டு வண்டி. அங்கே வெறும் மிதியடிதான். அது தெரிந்தும் கால் அடிக்கடி தேடியது.

ஏற்றத்தின் பாதியில், "நிறுத்து" என்றார். நிறுத்தினாள். "எடு." கைப்பிரேக்கை விடுவித்தாள், வண்டி ஒரு விரல்கடைகூடப் பின்னால் உருளாமல் மேலே ஏறியது. அவளுடைய இடது கால் கிளட்ச்சை விட்ட விதம் அவருக்குத் தெரியாததா? அது அவர் சொல்லிக்கொடுத்த கால். அதன் மேல் வேறு யாரோ பொறுமையைப் பூசியிருந்தார்கள்.

கடைசித் திருப்பத்தில்தான் தண்ணீர் லாரி வந்தது.

மேலிருந்து, பாதையை அடைத்துக்கொண்டு, அவர்கள் மேலேயே விழுவது போல.

"பிரேக்! பிரேக் போடு! இடிக்கப் போறே!" மாஸ்டரின் கால் மிதியடியை ஓங்கி உதைத்தது. கை கைப்பிரேக்கை நோக்கிப் பாய்ந்தது.

அவள் பதறிப் பிரேக் போடவில்லை. அவர் கையைத் தன் முழங்கையால் மெல்லத் தடுத்தாள். வண்டியைப் பாறைப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கி, வேகத்தைக் குறைத்து, லாரி தன் போக்கில் இறங்கி வரும் வரை காத்து, பிறகு முன்னே போனாள். லாரி கடந்தபோது நடுவே ஒருவர் சைக்கிளில் போகிற அளவுக்கு இடம் இருந்தது.

உச்சியில், தொட்டியின் நிழலில் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். இறங்கி நடந்துவிடுவாளோ என்று மாஸ்டர் ஒரு நொடி நினைத்தார். அவள் இறங்கவில்லை.

"மாமா, லாரி எவ்வளவு தூரத்துல இருந்துச்சுன்னு நினைச்சீங்க?"

மாஸ்டர் திரும்பி, ஏறி வந்த பாதையைப் பார்த்தார்.

"அந்தக் காலத்துல என்னை எவ்வளவோ திட்டியிருக்கீங்க. ஆனா தூரத்தை ஒருநாளும் தப்பாச் சொன்னதில்லை. இன்னிக்குத் தப்பாச் சொன்னீங்க." அவள் குரலில் குத்தல் இல்லை. "கண் டாக்டர் நேத்து என்ன சொன்னார்?"

தொட்டியிலிருந்து எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டிகள் எறும்புகளாக ஊர்ந்தன. எது அருகில், எது தொலைவில் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"மலைக்குப் போகக் கூடாதுன்னுட்டார்" என்றார் கடைசியில்.

"போகக் கூடாதுன்னாரா, ஓட்டக் கூடாதுன்னாரா?"

"ஓட்டக் கூடாதுன்னு."

"அப்ப போகலாம்ல?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா. நான் பின் இருக்கையில சாமான் மாதிரி உட்கார்ந்து மலை ஏறினேன்னு ஊர் பேசணுமா?"

"பின் இருக்கையில யார் உட்காரச் சொன்னா? பக்கத்துல உட்காருங்க. இப்ப உட்கார்ந்திருக்கிற மாதிரி." அவள் அவர் பக்கம் முழுக்கத் திரும்பினாள். "யோசிச்சுப் பாருங்க மாமா. இந்த ஊர் உங்களை எந்த இருக்கையில பார்த்துப் பழகியிருக்கு? இத்தனை வருஷமா நீங்க பக்கத்து இருக்கையில உட்கார்ந்துதானே ஊரைச் சுத்தி வர்றீங்க? மாஸ்டர்னா அங்கதான் உட்காருவார்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு முன் கண்ணாடியைப் பார்த்தார். உண்மைதான். ஓட்டுகிறவனின் இருக்கையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பக்கத்து இருக்கையில் உட்கார ஊரில் சில பேருக்குத்தான் தகுதி.

இவ்வளவு எளிதான விஷயம் தனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சல் கொஞ்சம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"லைசென்ஸ் வாங்கினதை ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் நினைச்சேன். அத்தைதான் வேண்டாம்னாங்க. 'மாஸ்டர் மருமகளே பாலம் தாண்டிப் போறா'ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா அவரால தாங்க முடியாது, ஸ்கூல் பேரு என்ன ஆகும்னாங்க."

குடும்ப மானத்தைத் தான் ஒருவர்தான் தோளில் சுமப்பதாக மாஸ்டர் இத்தனை நாள் நினைத்திருந்தார். பின்னால் இரண்டு பெண்கள் சத்தம் போடாமல் கை கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"அந்தக் கவலை இனிமே வேண்டாம்" என்றார். "உன்னை அங்கே அனுப்பினதே நான்தான்னு டீச்சரம்மாகிட்ட சொல்லிட்டேன்."

மருமகள் ஒரு கணம் விழித்தாள். அப்புறம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஹாரன் அலறியது. தொட்டிக் காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடி வந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா, பாடம் நடக்குது" என்றார் மாஸ்டர்.

திரும்பும்போது கடைத்தெரு வழியாகவே வரச் சொன்னார். துணிக்கடை வாசலில் நின்றவர் கையைத் தூக்கி வணங்கினார். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு மாஸ்டர், புது ஸ்டூடண்டா?" என்றார்.

"மருமக. பழக்கி முடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை மலைக்கு இவதான் ஓட்டுறா."

சொல்லி முடித்தபோது அவர் முதுகு இருக்கையில் படவில்லை. அவ்வளவு நிமிர்வு.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தார். கையைத் துடைத்துத் துடைத்து முந்தானை ஈரமாகியிருந்தது.

"கிளட்ச் சரியாயிடுச்சாங்க?"

"ஆயிடுச்சு."

"யாரு பார்த்தா?"

"உன் மருமகதான்."

அந்த அம்மாள் விட்ட பெருமூச்சில் இத்தனை மாதத்து ரகசியம் வெளியே போயிற்று. மாஸ்டர் செருப்பைக் கழற்றியபடியே, கண் டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டார். நீட்டி முழக்காமல், செய்தி வாசிப்பது போல.

"இதைச் சொல்லவா இவ்வளவு பாடு?" என்றார் மனைவி. "தினமும் உங்க கண்ணுல சொட்டு மருந்து விடுறவ நான். டம்ளரை நீட்டினா ஒரு விரல் தள்ளிக் காத்தைப் பிடிக்கிறீங்க. இந்தக் கண்ணோட மலைக்கு ஓட்டப் போறேங்கிறாரேன்னு நான் சாமிகிட்ட வேண்டாத நாளில்லை. காலையில கிளட்ச் போச்சுன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"அதுக்கா அவ்வளவு சோகமா சால்வையைக் கழட்டி மடிச்சே?"

"சோகமா? வேர்த்துச்சுங்க!"

மாஸ்டர் இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். காலையிலிருந்து தொண்டையில் நின்ற அந்தச் "சரிங்க" அப்போதுதான் இறங்கியது. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பு லேசாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மகன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். வீட்டில் விளக்குகள் எல்லாம் எரிவதையும், கூடத்தில் பெட்டிகள் மறுபடி நிரம்புவதையும், அம்மா சால்வையோடு நடமாடுவதையும் பார்த்து வாசலிலேயே நின்றான். மருமகள் நாலு வார்த்தையில் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். ஆனால் "நான்தான் அனுப்பினேன்" என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா."

"என்னடா?"

"டீச்சரம்மாகிட்ட யாரை அனுப்பினதா சொன்னீங்க?"

"உன் பொண்டாட்டியை."

"அவளை மட்டுமா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தார். மருமகள் கணவனைப் பார்த்தாள். இது மட்டும் இரண்டு பெண்களுக்கும் தெரியாது என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"எவ்வளவு நாளாடா?"

"ரெண்டு மாசமா. டியூட்டி முடிஞ்சு, நேரா பாலம் தாண்டிப் போயிட்டு வர்றேன்." மகன் மனைவி பக்கம் கையைக் காட்டினான். "பாதி வழி அவ ஓட்டினா, மீதி வழி நான் ஓட்டலாம்னு... நீங்க அசந்து போவீங்கன்னு நினைச்சேன்ப்பா."

"டெஸ்ட் எப்ப?"

"வெள்ளிக்கிழமை காலையில. மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

அன்றைக்கு மாஸ்டரின் மாணவர்களுக்கும் தேர்வு. மைதானத்தின் வலது ஓரத்தில் அவர் நிற்பார். இடது ஓரத்து வரிசையில், ஊர் பார்க்க, அவர் பெற்ற பிள்ளை நிற்பான்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் நாற்காலியை மகன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஏத்தத்துல நிறுத்தி எடுக்க வருதா?" என்று கேட்டார்.

"சில சமயம் வருதுப்பா. சில சமயம் பின்னாடி போயிடுது."

"சில சமயம்னா டெஸ்ட்ல தேற மாட்டே. விடிஞ்சதும் கிளம்பு. தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போறோம்."

மகனின் முகம் வெளுத்தது. "நீங்களா சொல்லித் தரப்போறீங்க?"

"இவ சொல்லித் தருவா. இவ பக்கத்துல உட்காரட்டும்." மாஸ்டர் மருமகளைக் கை காட்டினார். "நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்."

முதலில் மனைவிதான் சிரித்தார். சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அப்புறம் மருமகள். கடைசியில் மகன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. கொடுத்த வாக்கை மீறிய பழக்கம் இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. ஆனால் அந்த ஏற்றத்தில், தன் பிள்ளை கிளட்ச்சை ஏறி மிதிக்கும்போது, பின் இருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தன்னால் ஆகுமா என்று, அவர் அப்போதே கவலைப்படத் தொடங்கியிருந்தார்.